யாழ்ப்பாணத்தில இருந்தே தொழிலாளர், உரிமை வழக்குச் செய்யலாமோ? – பதில்

புதுச் சட்டத்தரணியான உங்களை சீனியர் கொழும்புக்குப் போகச் சொல்லுறார், யாழ்ப்பாணத்திலயே இந்த வழக்குகளைச் செய்யலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஓம், செய்யலாம், கொழும்புக்குப் போகத்தான் வேணுமெண்டில்லை. ஆனா புதுச் சட்டத்தரணி அந்த வழக்குகளை மட்டும் நம்பி நிக்கிறது முதல் சில வருசம் கஷ்டம், பக்கத்தில நொத்தாரிசு எடுத்து காணி உறுதியும் எழுதுங்கோ, ஏனெண்டா வேலை போன ஆக்களிட்ட காசு இராது.

உங்கட சீனியர் கொழும்புக்குப் போகச் சொன்னது அடிப்படை உரிமை மனுவை நினைச்சாக்கும். அது அரசியலமைப்பின்ர 126ஆம் உறுப்புரைப்படி நேர உயர் நீதிமன்றத்துக்கு, ஒரு மாசத்துக்குள்ள. ஆனா அது அரச நிர்வாகச் செயலுக்கு மட்டும்தான். தனியார் கடையில "நாளைக்கு வராதை" எண்டு வாயால சொல்லி நிப்பாட்டின பிள்ளைக்கு அந்த வழி இல்லை, அவவுக்குத் தொழில் நியாய சபைதான் (வேலை நிப்பாட்டின வழக்குகளைக் கேக்கிற மன்று), வேலை போய் 6 மாசத்துக்குள்ள, தமிழிலயே பேசலாம், மேன்முறையீடும் மாகாண மேல் நீதிமன்றத்துக்குத்தான். கடிதம் இல்லாத இடத்தில சம்பளத் துண்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கு, வட்ஸ்அப் மெசேஜ் எண்டு தேடிப் பிடிக்கிறதுதான் அரைவாசி வேலை, அதில பழகினா நீங்கள் எங்கயும் நிப்பீங்கள்.

முதல்ல ஒரு காலமை தொழில் நியாய சபையில போய் இருந்து பாருங்கோ. பிறகு சட்ட உதவி ஆணைக்குழுவின்ர யாழ் அலுவலகத்தில ஆக்கள் எடுக்கினமோ எண்டு விசாரியுங்கோ.

ஒண்டு கவனம்: மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாசத்துக்குள்ள முறையிட்டா அவையின்ர விசாரணைக் காலம் உயர் நீதிமன்ற மனுவுக்கான அந்த ஒரு மாசக் கணக்கில வராது எண்டு ஆணைக்குழுவின்ர 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர 13ஆம் பிரிவு சொல்லுது, ஆனா முறைப்பாட்டுத் துண்டை மட்டும் நம்பாதேங்கோ, விசாரணை உண்மையில நடக்குது எண்டும் காட்டவேண்டி வரும்.