ஃபோனை வாங்கினால் தலையை முட்டுகிறான்

கேள்வி: மகனுக்கு 3 வயது. ஃபோனை வாங்கினால் நிலத்தில் விழுந்து கத்தி, தலையை முட்டுகிறான். அடிப்பதா, விடுவதா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அடிக்கவும் வேண்டாம், ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், அம்மா. இந்த வயதில் கோபம் வரும்; அதை அடக்கும் பக்குவம் இன்னும் வரவில்லை. பத்துத் தரம் மறுத்துப் பதினோராம் தரம் கொடுத்தால், ‘இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும்’ என்றுதான் பிள்ளை படிக்கும். அம்மம்மா ஒளித்துக் கொடுத்தாலும் அதேதான்.

வாங்குமுன்னே சொல்லுங்கள்: “இந்தப் பாட்டு முடிய ஃபோன் அம்மாட்ட.” கத்தினால் தலைக்கடியில் தலையணையை வைத்து, பேசாமல் பக்கத்தில் இருங்கள். அழுகை தணிந்ததும் அணைத்து, “நீங்களே அமைதியாகிட்டீங்க” என்று சொல்லுங்கள். முதல் சில நாள் கத்தல் கூடும்; பலர் கைவிடுவது அங்கேதான். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

தினமும் 10 நிமிடம் அவனோடு விளையாடுங்கள். கேள்வி வேண்டாம், “சிவப்பு மூடியை மேல வைக்கிறீங்க” என்று செய்வதைச் சொன்னால் போதும். ஃபோன் நாளுக்கு 1 மணித்தியாலத்துக்குள்.

காயம் வரும்படி முட்டினால், கூப்பிட்டும் திரும்பாவிட்டால், சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால் காத்திருக்க வேண்டாம். எப்போது, எவ்வளவு நேரம் கத்தினான், அதற்கு முன் என்ன நடந்தது எனக் கொப்பியில் குறித்து, கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். செவிப்புலனையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவையானால் சுகாதார வைத்திய அதிகாரி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்.