குட்டிப் பையும் தையற்காரரும்

கே: ஜீன்ஸின் வலது பைக்கு மேலே ஒரு குட்டிப் பை இருக்கிறதே, எதற்கு? என் மகன் அதில் பென்டிரைவ் வைக்கிறான். (வாசகி, கரூர்)

ப: பிழைக்கத் தெரிந்த பிள்ளை. கைக்கடிகாரம் வராத காலத்தில், சங்கிலியில் தொங்கும் கடிகாரத்தைப் பத்திரப்படுத்தத் தைத்த பை அது. கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறிவிட்டது. பையை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கே: ஜீன்ஸைக் கண்டுபிடித்தவர் லீவை ஸ்ட்ராஸ்தானே? (வாசகர், மதுரை)

ப: பெயர் அவருடையது, மூளை ஒரு தையற்காரருடையது. என் அப்பாவும் தையல் மிஷின் மிதித்தவர் என்பதால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கட்சி கட்டுவேன்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊர். அங்கே குதிரைப் போர்வையும் கூடாரமும் தைத்துக்கொண்டிருந்தார் ஜேக்கப் டேவிஸ். மரம் வெட்டுபவர் ஒருவரின் மனைவி வந்து, "என் வீட்டுக்காரருக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும்" என்று கேட்டார். கூலி 3 டாலர். கால்சட்டை முதலில் கிழிவது பையின் மூலையில்தான். அப்பா அந்த இடத்தில் மேலும் கீழுமாக நான்கு முறை தையல் ஓட்டுவார். டேவிஸ், குதிரைப் போர்வைக்கு வைத்திருந்த செப்பு ரிவெட்டுகளை, அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் குட்டி உலோக ஆணிகளை எடுத்து மூலைகளில் அடித்துவிட்டார். அவ்வளவுதான், ஊரே வரிசையில் நின்றது.

காப்புரிமைக்கு 68 டாலர் வேண்டும். அதனால் தனக்குத் துணி அனுப்பும் சான்பிரான்சிஸ்கோ வியாபாரி ஸ்ட்ராஸுக்கு 1872-ல் கடிதம் எழுதினார்: செலவு உங்களுடையது, பங்கு இருவருக்கும். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. பிறகு டேவிஸ் சான்பிரான்சிஸ்கோவுக்கே குடிபோய்த் தயாரிப்பைக் கவனித்துக்கொண்டார். பெயர்ப்பட்டையில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. இன்னொன்று: பின்பை ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுவதாகப் புகார் வந்ததால், 1937-ல் அவற்றைத் துணிக்குள் மறைத்துத் தைத்தார்கள்.

கே: சுரங்கத் தொழிலாளியின் உடை கல்லூரிக்குள் வந்தது எப்படி? (வாசகர், தஞ்சாவூர்)

ப: 1950-களில் ஹாலிவுட் நடிகர்கள் மார்லன் பிராண்டோவும் ஜேம்ஸ் டீனும் திரையில் அணிந்தார்கள். அமெரிக்கப் பள்ளிகள் சில, போட்டு வரக்கூடாது என்றன. தடை போட்டால் பையன்கள் விடுவார்களா?

கே: புது ஜீன்ஸ் ஏன் சாயம் போகிறது? (வாசகி, ஈரோடு)

ப: ஈரோட்டுக்காரருக்குப் பாவும் ஊடையும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஜீன்ஸ் துணியான டெனிமில் பாவு (நீளவாக்கு நூல்) நீலம், ஊடை (குறுக்கு நூல்) வெள்ளை. கிழிந்த ஓரத்தில் ஒரு நீல இழையை உருவி முறுக்கைப் பிரித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளை தெரியும். அவுரி நீலம் (அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் சாயம்) நூலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அதனால்தான் முழங்காலும் பை ஓரமும் தேயத் தேய வெளுக்கின்றன. 1897 முதல் ஜெர்மனியில் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது; அதற்கும் இதே குணம்தான். முதல் இரண்டு மூன்று முறை தனியாகத் துவையுங்கள். மகனின் ஜீன்ஸோடு ஒரே வாளியில் ஊறிய என் தீபாவளி வேட்டி இப்போது வானவெளிர் நீலம். மாடி துடைக்கப் பயன்படுகிறது.