சுகர் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்பவர் முதுநிலையில் எதைப் படிக்கலாம்?

கேள்வி: திருநெல்வேலிப் பகுதியில் ஒரு தனியார் நீரிழிவு மருத்துவமனையில் ஒன்றரை ஆண்டுகளாக கவுன்சலராகப் பணிபுரிகிறேன். பி.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறேன். உணவு, மாத்திரை, நடைப்பயிற்சி பற்றி நான் சொல்வதையெல்லாம் நோயாளிகள் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். மூன்று மாதம் கழித்து வரும்போது எதுவும் மாறியிருப்பதில்லை. இதை முறையாகக் கற்க வேண்டும் என்று முதுநிலையில் ஹெல்த் சைக்காலஜி படிக்க விரும்புகிறேன். இதற்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் என்ன வேறுபாடு? இங்கேயே படிக்கலாமா, கடன் வாங்கியாவது இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிப்பது நல்லதா? வேலையை விடாமல் அஞ்சல்வழியில் படித்தால் போதுமா?

பதில்: மூன்று மாதம் கழித்தும் எதுவும் மாறியிருப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உடல்நல உளவியல் (ஹெல்த் சைக்காலஜி) என்ற துறையே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையை வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்தது. ஆகவே இதை உங்கள் திறமைக் குறைவாக எண்ணிச் சோர்ந்துவிட வேண்டாம். அறிவுரை கேட்பதற்கும் அதன்படி நடப்பதற்கும் இடையில் என்ன நிகழ்கிறது என்பதை அறியத் தனிப் பயிற்சி வேண்டும். உங்கள் இளநிலைப் பாடத்திட்டத்தில் அதற்கு அநேகமாக ஓர் அத்தியாயத்துக்கு மேல் இடம் இருந்திருக்காது.

வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். கிளினிக்கல் சைக்காலஜியைத் தமிழில் ‘மருத்துவ உளவியல்’ என்று எழுதுகிறோம். அந்தப் பெயரைக் கேட்பவர்கள் அது மருத்துவமனையில் உள்ள எல்லா நோயாளிகளுக்குமான உளவியல் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதையும், சோதனைகள் வழி மதிப்பிடுவதையும், உளச்சிகிச்சை அளிப்பதையும் மையமாகக் கொண்டது. உடல்நல உளவியலின் களம் உடல்நோய்: ஒருவர் ஏன் பரிசோதனைக்கு வரத் தயங்குகிறார், வந்தபின் ஏன் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார், டயாலிசிஸ் தொடங்கியவரின் குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது, வலி ஏன் ஒரே காயத்துக்கு இருவரிடம் இரு அளவில் இருக்கிறது என்பன போன்ற கேள்விகள் அதனுடையவை. நோயை உடலோடு மட்டும் நிறுத்தாமல் மனத்தையும் சமூகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977-இல் எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடித்தளமானது. அமெரிக்க உளவியல் சங்கம் 1978-இல் இதற்கெனத் தனிப்பிரிவு அமைத்தது.

இப்படிப்பு உங்கள் மேசைக்கு எதைக் கொண்டுவரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 1985-இல் மேயர், லெவந்தால், கட்மன் ஆகியோர் உயர் ரத்த அழுத்த நோயாளிகளை ஆராய்ந்தபோது, ‘பிரஷர் ஏறியிருப்பதை யாராலும் உணர முடியாது’ என்ற கூற்றைப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தம்மால் மட்டும் உணர முடிகிறது என்று அவர்களே சொன்னார்கள். அந்த உணர்வை நம்பியே மருந்தை எடுப்பதும் விடுவதும் நடந்தது. மருத்துவர் சொன்ன செய்தி அவர்கள் காதில் விழாமல் இல்லை. அதற்குமேல், நோய் எப்படிப்பட்டது என்பது பற்றி அவர்களுக்கென்று ஒரு சித்திரம் மனத்தில் இருந்தது. நம் ஊரில் ‘தலை சுற்றினால் போட்டுக்கொள்கிறேன்’ என்பவரும், ‘சுகர் நார்மலுக்கு வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை’ என்பவரும், இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்று அஞ்சுபவரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். ‘ரத்தக்கொதிப்பு’ என்ற நம் சொல்லே சூட்டையும் கோபத்தையும் நினைவூட்டி, அது உணரத்தக்க ஒன்று என்ற எண்ணத்தை வளர்க்கிறதோ என்று எனக்கு நீண்ட நாளாக ஓர் ஐயம் உண்டு. இந்தச் சித்திரத்தைக் கேட்டறியாமல் உணவுப் பட்டியலை எத்தனை முறை விளக்கினாலும் அது மேலோட்டமாகவே நிற்கும். கேட்டறியும் முறைகளை, குறிப்பாக மாற்றத்துக்கான காரணங்களை நோயாளியே சொல்லும்படி பேச்சை நடத்தும், உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறையை, நல்ல முதுநிலைப் படிப்பு வகுப்பறையிலும் களத்திலும் பழக்கித் தரும்.

இன்னொன்றும் அங்கே கற்பீர்கள். சூசன் மிச்சியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட மாதிரி, எந்த நடத்தைக்கும் திறன், வாய்ப்பு, உந்துதல் ஆகிய மூன்றும் தேவை என்கிறது. உங்கள் மாவட்டத்திலும் தென்காசிப் பக்கத்திலும் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. அவர்களில் ஒருவருக்கு நடக்கத் தெரியும், நடக்க வேண்டும் என்ற விருப்பமும் இருக்கலாம். அரைமணி நேரம் எழுந்து போனால் அந்த நாளின் கூலியில் குறையும். அவரிடம் நடைப்பயிற்சியின் நன்மைகளை மேலும் விளக்குவது உந்துதலைக் கூட்டும் முயற்சி. தடை இருப்பதோ வாய்ப்பில். தடை எங்கே என்று பிரித்தறிந்து, அதற்குப் பொருந்தும் உத்தியைத் தேர்ந்தெடுக்கக் கற்பிப்பதுதான் இப்படிப்பின் பெரும்பயன். நடத்தை மாற்ற உத்திகளை 93 வகைகளாகப் பிரித்து 2013-இல் வெளியான வகைப்பாடு இதற்கு உதவும் கருவி. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பயன்படுத்தப் பழக வேண்டும்.

இனி இந்தியாவின் சட்ட நிலை. இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இருப்பதைப் போல ஹெல்த் சைக்காலஜிஸ்ட் என்ற பெயருக்குத் தனிப் பதிவு கிடையாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை வரையறுக்கும்போது, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியையும் தகுதிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அந்த எம்.ஃபில். படிப்புக்கான சேர்க்கைக்கு 2025-26 கல்வியாண்டு வரைதான் நீட்டிப்பு வழங்கப்பட்டது என்பதால், அந்த வழியை எண்ணுபவர்கள் மாற்றாக வந்திருக்கும் படிப்புகளைக் கவுன்சிலின் இணையதளத்தில் நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உடல்நல உளவியல் முதுநிலை படித்தவர் மனநோய்க்குச் சிகிச்சையளிக்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளக் கூடாது. எம்.ஃபில். இடம் கிடைக்காததால் குறுக்கு வழியாக இதைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்க்கிறேன். நோயாளிகளின் பாதுகாப்பைக் கருதி இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பணிக்கு நேரடியாகப் பொருந்துவது 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதன் அட்டவணை நடத்தைசார் நலவாழ்வு அறிவியல் என்ற பிரிவில் உளவியலாளர்களையும், நீரிழிவுக் கல்வியாளர் உள்ளிட்ட ஆலோசகர்களையும் சேர்த்திருக்கிறது. வரும் ஆண்டுகளில் உங்கள் பதிவு இச்சட்டத்தின் வழியாகவே அமைய வாய்ப்பு அதிகம்.

அஞ்சல்வழிப் படிப்பு பற்றிய உங்கள் கேள்விக்கு அந்தச் சட்டமே விடை தந்துவிட்டது. அதன் வரம்பில் வரும் உளவியல் முதலிய படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் தடை விதித்திருக்கிறது. யாராவது இன்னும் இடம் இருக்கிறது என்று அழைத்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

இங்கிலாந்துப் படிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடன் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஹெல்த் சைக்காலஜிஸ்ட் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பணிப்பெயர். 2009 ஜூலை முதல் ஹெச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அப்பெயரைப் பயன்படுத்தலாம். அந்தப் பதிவுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஓராண்டு எம்.எஸ்சி. முதற்கட்டம் மட்டுமே. இரண்டாம் கட்டம், மேற்பார்வையின் கீழ் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முழுநேரப் பயிற்சி. அதைச் சங்கத்தின் தகுதித் தேர்வு வழியாகவோ தொழில்முறை முனைவர் பட்டம் வழியாகவோ முடிக்க வேண்டும், அதற்கேற்ற பணியிடத்தையும் பெரும்பாலும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். படிப்புக்குப் பின் தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசாவோ, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலை மாணவர்களுக்கு 18 மாதங்களாகக் குறைகிறது. நீங்கள் இனிச் சேர்ந்தால் படிப்பை முடிக்கும்போது இந்த விதிக்குள் வருவீர்கள். இரண்டாண்டுப் பயிற்சி அந்தக் காலத்துக்குள் அடங்காது. வேறொரு தடையும் இருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்குச் செல்ல, உங்கள் இளநிலைப் பட்டம் தம் அடிப்படைத் தகுதிக்கு நிகரானது என்று அந்தச் சங்கம் ஏற்க வேண்டும். நம் மூன்றாண்டு பி.எஸ்சி. பலவற்றில் தனி ஆய்வுத் திட்டமோ ஆய்வு முறையியலில் போதிய பயிற்சியோ இருப்பதில்லை. எம்.எஸ்சி.யில் இடம் கிடைத்துவிட்டது என்பதாலேயே இந்தத் தகுதியும் கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. சேர்வதற்கு முன் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் அனுப்பி, சங்கத்திடமிருந்து எழுத்து வடிவில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

யுசிஎல், சரே, பாத் போன்ற பல்கலைக்கழகங்களின் படிப்புகள் தரத்தில் சிறந்தவை என்பதில் ஐயமில்லை, ஆய்வு முறைகளில் அவை தரும் பயிற்சி வலுவானது. முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்பவருக்கோ உதவித்தொகை கிடைத்தவருக்கோ அதைப் பரிந்துரைப்பேன். ஒருவர் பட்டங்களை மற்றவர் ஏற்பது பற்றி இந்தியாவும் பிரிட்டனும் 2022 ஜூலையில் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் ஓராண்டு முதுநிலைப் பட்டத்தின் ஏற்பும் முன்பிருந்ததைவிடத் தெளிவாகியிருக்கிறது. ஆனால் திரும்பி வந்து திருநெல்வேலியில் நீரிழிவு நோயாளிகளோடு பணியாற்ற விரும்புபவர், பதிவுத் தகுதி தராத முதற்கட்டத்துக்காக மட்டும் பெருங்கடன் சுமப்பதை நான் ஏற்கவில்லை.

இங்கேயே படிப்பதானால், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் உடல்நல உளவியலுக்கெனத் தனி மையமே இருக்கிறது. அதன் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கானது, உங்களுக்கு அந்த மையம் பின்னாளில் முனைவர் பட்டத்துக்குப் பயன்படலாம். நீங்கள் சேரத்தக்கது முறையான இரண்டாண்டு முதுநிலை உளவியல் படிப்பே. பட்டத்தின் பெயரில் ‘உடல்நலம்’ என்ற சொல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வேலைவாய்ப்பு அறிவிக்கைகளில் முதுநிலை உளவியல் என்று கேட்டிருக்கும்போது பெயர் வேறுபட்ட பட்டங்களுக்கு இணைத்தன்மைச் சான்று தேடி அலைய நேர்வதும் உண்டு. துறைத்தலைவரைச் சந்திக்கும்போது, மருத்துவமனையில் எத்தனை மணி நேரக் களப்பயிற்சி, அதை நேரில் மேற்பார்வையிடுபவர் யார், ஆய்வேட்டை நோயாளிகளிடம் செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றுத் தருவார்களா, புள்ளியியலைக் கணினியில் செய்து பழக்குகிறார்களா என்று கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில், பாடத்திட்டம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் சேர வேண்டாம்.

ஆய்வேட்டுத் தலைப்பை உங்கள் மருத்துவமனையிலிருந்தே எடுங்கள். தமிழில் செய்ய வேண்டிய அடிப்படைப் பணியே நிறைய இருக்கிறது. ஸ்ட்ரெஸ் என்பதையும் டிப்ரஷன் என்பதையும் நாளிதழ்கள் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லால் எழுதுகின்றன. அந்தச் சொல் இடம்பெற்ற வினாநிரலுக்கு நோயாளி ‘ஆம்’ என்றால் எதற்கு ஆம் என்கிறார் என்பது தெரியாது. அவர் வாயிலிருந்து வருவதோ ‘மனசு சரியில்லை’, ‘ஒண்ணுமே பிடிக்கலை’, ‘படபடன்னு வருது’ என்பன. ஆங்கில வினாநிரலைத் தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு வினாவையும் நோயாளிகளிடம் வாசித்துக்காட்டி, அவர்கள் அதை என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்று கேட்டறியும் கட்டத்தைத் தவிர்க்காதீர்கள். பத்துப் பேரிடம் அதைச் செய்தாலே எந்தெந்த வினாக்களை மாற்ற வேண்டும் என்று தெரியத் தொடங்கும்.

படிப்பு தொடங்கும் வரை இடைப்பட்ட மாதங்கள் இருக்கின்றன. புள்ளியியலின் அடிப்படைகளை மீண்டும் பார்த்துவிடுங்கள். முதல் பருவத்தில் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான். மருத்துவமனையில் உணவுப் பட்டியலை எடுப்பதற்கு முன், ‘சுகர் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், எத்தனை நாள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள், இந்த மாத்திரையில் உங்களுக்குப் பயம் ஏதும் உண்டா’ என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்டுப் பாருங்கள். விடைகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே நோயாளியின் மருத்துவப் பதிவேட்டில் குறித்து, சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை அதே நோயாளி வரும்போது, பேச்சை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கலாம்.