தாத்தாவை ரிவைவ் பண்ண முடியாதா?

எட்டு வயது மகன், தாத்தா இறந்த துக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கேமில் செத்தவனை மறுபடி எழுப்புவதுபோல “ரிவைவ் பண்ண முடியாதாம்மா?” என்று கேட்கிறான்; துப்பாக்கி கேம் ஆடி ஆடி நெஞ்சு கல்லாகி, நாளைக்குக் கொலைகாரன் ஆகிவிடுவானோ என்று பயந்து எழுதியிருக்கிறார் வேலூர் மாவட்டம் பள்ளிகொண்டாவைச் சேர்ந்த ஒரு தாய்.

ஆகமாட்டான், அம்மா. இந்த கேம்களுக்கும் கொடூர வன்முறைக்கும் முடிச்சுப்போட ஆதாரம் போதாது என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020-இல் சொல்லிவிட்டது. கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்தோடு மட்டும் லேசான தொடர்பு உண்டு. நடுராத்திரி யூடியூபில் தேடித்தேடிப் பயப்படுவதை நிறுத்துங்கள். அழாததும் கல்நெஞ்சம் இல்லை. பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். அவன் கண் சிவப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; போனைக் குறைத்துப் பாருங்கள். அவன் தூங்குவதற்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி சிரப்பை இன்றே குப்பையில் போடுங்கள். அது தூக்க மருந்தே இல்லை.

நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டியது கடைசி வரியில் கிடக்கிறது: மொட்டைமாடிச் சுவரில் ஏறி நின்று, “இங்கேருந்து குதிச்சா தாத்தாகிட்ட போயிட்டு வந்துடலாமா?” என்று கேட்டிருக்கிறான். ‘போயிட்டு வந்துடலாமா’ என்பதைக் கவனியுங்கள்.

கேமில் விழுந்தவனைக் கூட்டாளி எழுப்பிவிடுகிறான். செத்தாலும் அடுத்த ஆட்டத்தில் வந்துவிடலாம். வீட்டில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “தாத்தா நம்ம ரங்கநாதர் மாதிரி படுத்துத் தூங்குறார்.” பாடை கட்டும் முன்னே பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டீர்கள். ரங்கநாதர் கோயில் உள்ள உங்கள் ஊரில், அவரைப் போலத் தூங்குகிறார் என்பது சட்டென்று வாயில் வரும் சமாதானம்தான். ஆனால் தூங்குகிறவர் எழுந்திருக்க வேண்டுமே! செத்தவர் திரும்புவதில்லை என்பது பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் பிடிபட்டுவிடும். இவனுக்கு போனும் வீடும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கின்றன.

இன்றைக்கே மாடிக் கதவைப் பூட்டுங்கள், அவனைத் தனியே விடாதீர்கள். இன்றே குழந்தைகள் மனநலம் பார்க்கும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்; அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ பாகாயம் சி.எம்.சி. மனநல மையமோ பக்கம்தான். கிளம்பத் தாமதமானால் 14416 எண்ணில் அரசின் மனநல உதவி மையமான டெலிமானஸை அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள்.

நேராகவே சொல்லுங்கள்: “தாத்தா செத்துட்டார். மூச்சு நின்னுடுச்சு. அவருக்கு வலிக்காது, பசிக்காது. இனி வரமாட்டார். குதிச்சா நீயும் வரமாட்டே.” கேம் ஆடினான் என்று போனைப் பிடுங்கி அடிக்காதீர்கள், அப்புறம் மனதில் ஓடுவதைச் சொல்லவே மாட்டான். குதிக்கிற நினைப்பு இன்னும் இருக்கிறதா என்று அவனிடமே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது.