கியூஆர் அட்டை பரவியதுபோல் பிட்காயின் ஏன் பரவவில்லை?

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கீரை விற்கும் ஆச்சிகூட கியூஆர் அட்டை வைத்திருக்கிறார், பிட்காயின் என்ற இணையக் காசை ஏன் கடையில் யாரும் பணமாக வாங்கிக்கொள்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் தெளித்துத் தெளித்து ஓரம் ஊதிப்போன அந்த அட்டையைப் பாருங்கள். "ஏளா, இருவது ரூவா ஏறிட்டா?" என்று பேத்தியிடம் கேட்பார். பணம் வந்ததைப் பெட்டி சத்தமாகச் சொன்னதும் கீரைக்கட்டை நீட்டுவார். வந்தது அதே ரூபாய். நாளைக்கும் அது இருபதுதான். 2016-இல் வந்த யுபிஐ பணத்தை மாற்றவில்லை, அது கைமாறும் வழியைத்தான் மாற்றியது.

பிட்காயின் 2009-லேயே வந்துவிட்டது. ஆனால் காலையில் வாங்கியதன் மதிப்பு சாயங்காலம் சரிந்தால், மறுநாள் கொள்முதலுக்கு ஆச்சி எங்கே போவார்? எனக்கு இதுதான் பெரிய காரணம். 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி வேறு. பிட்காயினைத் திறக்கும் சாவியான ரகசிய எண்ணைச் சொந்தமாக வைத்திருந்து தொலைத்தால், போய் முறையிட வங்கிபோல் ஒரு கிளையும் கிடையாது.