ஓவிய நூல்களும் பூட்டிய பீரோவும்

அன்புள்ள ஐயா,

எங்கள் நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்த பெரிய ஓவிய நூல்கள் கண்ணாடி பீரோவில் பூட்டியே கிடக்கின்றன. கைபட்டால் பாழாகுமாம். போன மழையில் கூரை ஒழுகி இரண்டு நூல்கள் பாளமாக ஒட்டிவிட்டன. பிரிக்க முடியுமா? இவற்றை வாசகருக்குத் தரவே கூடாதா?

வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒட்டிக் காய்ந்த தாளைப் பிரிக்க வேண்டாம். வண்ணம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்துவிடும். ஓவிய நூல்களை அச்சிடும் ஆர்ட் பேப்பரின் வழவழப்பு, மேலே பூசிய வெள்ளைக் களிமண். நனைந்ததும் களிமண்ணைப் பிடித்திருக்கும் பசை இளகும். நூல் மூடியபடியே காய்ந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும்.

இனி நனைந்தால் 6 மணி நேரத்துக்குள் கவனியுங்கள். ஈரம் இருக்கும்போதே தாள் தாளாகத் திறந்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையே பேக்கரி ட்ரேயில் விரிக்கும் ஒட்டாத தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும். நிறைய நூல்கள் நனைந்துவிட்டால் ஈரத்தோடே தனித்தனி பாலித்தீன் பையில் கட்டி, தெரிந்த கடையின் டீப் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து இதே வேலையைச் செய்யலாம்.

பூட்டி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கும். கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். சுவரை ஒட்டி நிற்கும் மூடிய பீரோ அதற்குத் தோதான இடம். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும். பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளுங்கள். பெரிய நூல்களைப் படுக்கவையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். நிறுத்திவைத்தால் தாள்களின் கனமே முதுகைப் பிய்த்துவிடும். அடிக்கடி யாராவது புரட்டினால் காற்றும் படும், பூஞ்சையும் முதல் புள்ளியிலேயே கண்ணில் சிக்கும். கை கழுவி ஈரம் துடைத்துவிட்டு மேசையில் வைத்துப் பார்க்கட்டும்.

வீட்டுக்குக் கொடுக்கப் படத்தொகுப்பு ஒன்று தொடங்குங்கள். நியூயார்க் பொது நூலகத்தில் 1915இலிருந்தே இது உண்டு. பழைய காலண்டர், வார இதழ்ப் படங்களை வெட்டி, தெருக்கூத்து ஒப்பனை, கட்டுமரம், கோபுரம் என்று பொருள்வாரியாக உறையிலிட்டால் போதும். பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓவியம் கற்பிக்கும் புதுச்சேரி அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூட மாணவர்கள் வரை தேடி வருவார்கள். மைதாப் பசை போட்டால் கரப்பான் அரிக்கும், செல்லோடேப் மஞ்சளாகும்; எதையும் ஒட்டாமல் உறையில் போடுங்கள். ஓவியர் பெயரையும் ஆண்டையும் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.