மச்சானின் பேக்கேஜும் வங்கியின் டாப்-அப்பும்: சொவெட்டோ போக ஆசைப்படும் ஆசிரியருக்கு

கேள்வி: ஐயா, திண்டுக்கல்லில் தனியார் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரை ஒட்டிய சொவெட்டோவில், நிறவெறி அரசுக்கு எதிராக 1976-இல் நடந்த மாணவர் எழுச்சிக்கு இந்த ஜூன் 16 அன்று 50 ஆண்டு நிறைகிறது. மனைவியையும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகனையும் அழைத்துப்போய் அந்த இடங்களைப் பார்க்க ஆசை. டிராவல்ஸ் நடத்தும் என் மச்சான், ஜோகன்னஸ்பர்க்கின் வசதியான பகுதியான சாண்டனில் ஐந்து இரவு ஓட்டல், சொவெட்டோவுக்கு அரை நாள் சுற்று, மூவருக்கும் ₹4 லட்சம் என்கிறார். போன முறை அவர் மூலமாகப் பாலி போக எடுத்த பர்சனல் லோனில் ₹1.8 லட்சம் பாக்கி. மாதம் ₹10,150 வீதம் இன்னும் 20 தவணை. வங்கி டாப்-அப், அதாவது பழைய கடனோடு சேர்த்துக் கூடுதல் கடன், தருகிறது, மாதம் ₹3,350 மட்டும்தான் கூடுமாம். சாண்டனில் தங்குவதா, சொவெட்டோவிலேயே இடம் பார்ப்பதா?

பதில்: தங்குமிடத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். சொவெட்டோவிலேயே தங்குங்கள். ஆர்லாண்டோ வெஸ்ட் பகுதியில், விலகாசி தெருவுக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள். மண்டேலா வாழ்ந்த 8115 எண் வீடும் பேராயர் டுட்டுவின் வீடும் அந்தத் தெருவில்தான். ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடமும் அங்கிருந்து நடந்து போய்விடலாம். 1976 எழுச்சி நாளில் போலீஸ் சுட்டு இறந்தபோது ஹெக்டருக்கு வயது 12. உங்கள் மகன் வயதுதான். பஸ்ஸில் போய் இறங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அரை நாளில் இதில் எதைப் பார்க்க முடியும்? காலையில் தெருமுனையில் மக்வின்யா சுட்டுத் தருவார்கள், நம்ம ஊர் போண்டா மாதிரி. அதை வாங்கித் தின்றபடி பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமானால் அங்கேயே விழிக்க வேண்டும்.

அங்கே பெரும்பாலும் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே சில அறைகளை ஒதுக்கி, காலை உணவோடு தருகிற விடுதிகள். மூவருக்கு ஓர் இரவுக்கு அந்த நாட்டு நாணயத்தில் 1,200 ராண்ட் என்று வையுங்கள். ஒரு ராண்ட் சுமார் ₹5 என்றால் ₹6,000, ஐந்து இரவுக்கு ₹30,000. சாண்டனில் ஓரளவு நல்ல ஓட்டல் என்றால் இதைப் போல இரண்டு மடங்கு எளிதாக ஆகும், தினமும் சொவெட்டோ போய்வர டாக்ஸி காசு தனி. பாதுகாப்பைப் பொறுத்தவரை, இருட்டிய பிறகு நடக்காமல் வண்டி பிடிப்பது ஜோகன்னஸ்பர்க் முழுவதற்கும் பொருந்தும். சாண்டனில் தங்கினால் அந்தக் கவனம் வேண்டாம் என்றில்லை.

சரி, இப்போது உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். பழைய பயணத்தின் கடன் தீருமுன் அதன் தலையில் புதுப் பயணத்தை ஏற்றுகிறீர்களே, அதுதான். 'மாதம் ₹3,350 மட்டும்' என்று வங்கி சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொன்னது. பழைய பாக்கியோடு ₹4 லட்சம் சேர்ந்து ₹5.8 லட்சம் ஆகி, 14% வட்டியில் புதிதாக ஐந்து வருடம் ஓடும். தவணை சுமார் ₹13,500, அறுபது மாதத்துக்கு ₹8.1 லட்சம். டாப்-அப் வேண்டாம் என்றால் நீங்கள் கட்ட வேண்டியது 20 தவணை, ₹2.03 லட்சம். ஆக, ₹4 லட்சம் பயணத்துக்கு ₹6 லட்சத்துக்கு மேல் கொடுக்கிறீர்கள். பிராசஸிங் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. ஒன்றே முக்கால் வருடத்துக்குள் முடிகிற கடன், மகன் பிளஸ் டூ முடிக்கும் வரை ஓடும். கல்லூரிக்குப் பணம் தேவைப்படும்போது எதன் மேல் டாப்-அப் போடுவீர்கள்?

மச்சான் அடுத்து 'இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க' திட்டத்தையோ வட்டியில்லாத் தவணையையோ நீட்டுவார். இரண்டுமே கடன்தான். வட்டியை விலையில் ஒளித்து வைத்திருப்பார்கள், அவ்வளவே. அவர் மனம் கோணக்கூடாது என்றால் விமான டிக்கெட்டை மட்டும் அவரிடம் போடுங்கள். தங்குமிடத்தை நீங்களே விடுதிக்காரரிடம் நேரடியாகப் பேசி எடுங்கள். மைத்துனர் உறவு நிலைக்க வருடம் ஒரு பேக்கேஜ் வாங்க வேண்டும் என்று எந்த ஊரிலும் வழக்கமில்லை.

உங்களால் மாதம் ₹3,350 கூடுதலாகக் கட்ட முடியும் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அதை இன்றே ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில்) போடுங்கள். 20 மாதத்தில் ₹67,000. கடன் முடிந்ததும் அந்தத் தவணையும் சேர்ந்து மாதம் ₹13,500, ஆறு மாதத்துக்கு ₹81,000. வீட்டுக்கு வருகிற தீபாவளி போனஸில் வருடம் ₹60,000 ஒதுக்கினால் இரண்டு வருடத்தில் ₹1.2 லட்சம். வட்டியோடு ₹2.75 லட்சத்தைத் தாண்டும். செலவு? மூவருக்கு விமானம் ₹1.8 லட்சம், தங்க ₹30,000, விசாவும் காப்பீடும் ₹30,000, சாப்பாடு, வண்டி, நுழைவுக் கட்டணம் ₹45,000. மொத்தம் ₹2.85 லட்சம். இடிக்கும் பத்தாயிரத்தைச் சமாளிக்க முடியாதவர் இல்லை நீங்கள். விலைவாசி ஏறினால் ஒரு இரவைக் குறையுங்கள்.

ஆக, 2028 மே மாதம். ஐம்பதாம் ஆண்டு தவறிப்போகிறதே என்பீர்கள். தெரு அங்கேதான் இருக்கும். அதோடு ஜூன் 16 அங்கே அரசு விடுமுறை, இந்த வருடம் கூட்டமும் அறை வாடகையும் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியும் அப்போதுதான் திறந்திருக்கும்.

அங்கே கார்டு தேய்க்கும்போது, 'ரூபாயிலா, ராண்டிலா' என்று மெஷின் கேட்டால் ராண்ட் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள். பல கிரெடிட் கார்டுகளில் எப்படியும் 3.5% கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு, அதனால் கட்டணம் குறைந்த கார்டாகப் பார்த்து எடுத்துப்போங்கள். அறை எடுக்குமுன் ஹீட்டர் இருக்கிறதா என்று விடுதிக்காரரிடம் கேளுங்கள். மே மாதம் அங்கே குளிர்காலத் தொடக்கம், திண்டுக்கல் ஆட்களுக்கு இரவில் பல் கிட்டும்.